பிந்தி விழுந்த பாதம்

மூடுகெரே சீனப்பா தன் பிரிவுபசார விழாவுக்கு வீடியோ செய்யச் சொல்லி வந்தபோது வாரிஜா தன் வீடியோ ஸ்டுடியோவில் ஒரு கையில் வாழைப்பழ பன்ஸும் இன்னொரு கையில் மவுஸுமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் யார் வீட்டுக் கிருகப்பிரவேசமோ ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறிய களைப்பில் வாசலில் நின்று மூச்சு வாங்கியவரை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மேடையில் கிரீடமும் புஜகீர்த்தியுமாக விட்டத்தைத் தொடுகிறவர் போல நிற்கும் யக்ஷகானக்காரர், வேஷம் கலைத்தால் அரைக்கைச் சட்டை போட்ட கூட்டுறவு வங்கிக் கணக்கர் மாதிரி இருந்தார்.

"சீனப்பண்ணாவா? உள்ள வாங்க, உள்ள வாங்க. போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று நாற்காலியில் கிடந்த ஒயர்களை அள்ளிக் கீழே போட்டாள்.

அவர் வலது முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணிப்பாலில் அறுவை செய்த கால் அது. குந்தாபுரம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

"பத்தநாஜெயோட இந்தப் பருவம் முடியுது, அன்னிக்கு எங்க மேளாக் குழுவோட கடைசி ஆட்டம். அன்னியோட நானும் சலங்கையைக் கழட்டிடறேன் தங்கச்சி. விழாவுல என்னைப் பத்தி ஒரு வீடியோ போடணும்னு எஜமான் பிடிவாதமா சொல்றார்." சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பழைய ஆட்டமெல்லாம் இதுல இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கங்கொள்ளிக்காரன் வீடியோவையும் சேர்த்துடு. ஏன் போறேன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்."

எந்த வீடியோ என்று வாரிஜா கேட்கவில்லை. மாவட்டத்தில் அதைப் பார்க்காத போன் இருந்தால் அது ரிப்பேரில் இருக்கும் போன்தான். சித்திரை மாதத்து ஆட்டம் ஒன்றில், போருக்குப் புறப்படும் இளம் வீரன் வேஷத்தில் சீனப்பா ஆடியதை முன்வரிசையிலிருந்து யாரோ எடுத்திருந்தார்கள். தொடக்கத்தில் காலும் செண்டையும் ஒன்றாகவே விழுந்தன. போகப் போகக் கால் பிந்தியது. ஒரு கட்டத்தில் செண்டை அடித்து ஓய்ந்த பிறகுதான் பாதம் தரையில் பட்டது. கடைசியில் எப்படியோ தட்டுத்தடுமாறிச் சேர்ந்துகொண்டது. மேலே பெரிய மஞ்சள் எழுத்தில், 'காலுக்கு வயசாச்சு, செண்டைக்கு யாரும் சொல்லலையா?' என்று ஒரு வரி. அதை எழுதிய கங்கொள்ளி பாஸ்கரன் படகு முதலாளி. இன்னொரு மேளாவின் இளம் கலைஞர் ஒருவருக்கு வெறிபிடித்த ரசிகர்.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும், அதுக்காக நான் போகல" என்றார் சீனப்பா. "அதைப் பார்த்த நாள்லேர்ந்து எனக்கே என் கால் மேல நம்பிக்கை போயிடுச்சு. பிந்திடக் கூடாதேன்னு பயந்து இப்ப முந்த ஆரம்பிச்சிருக்கேன். பாகவதர் பாடிக்கிட்டே என்னை முறைக்கறார். நேத்து ஆட்டத்துல ரெண்டு இடம் நாசம். மேடையைக் கெடுக்கறதைவிட எறங்கிடறது மரியாதை."

வாரிஜா சீனப்பாவின் ரசிகை இல்லை. அவளுக்கு மேடையில் நன்றாகப் பேசுகிறவர்களைப் பிடிக்கும். விடாமல் சுழன்று ஆடுகிறவர்களைப் பார்த்தால் தனக்குத் தலைசுற்றுகிறது என்பாள். ஆனால் கல்யாணம், கோயில் விழா, தேர்தல் ஊர்வலம் என்று வருஷக்கணக்காகப் படம் வெட்டி ஒட்டிய கண் அவளுடையது. சீனப்பாவின் போனை வாங்கிக் கணினியில் மாட்டி, அந்த வீடியோவைப் பெரிதாக ஓடவிட்டாள். இதுவரை எல்லோரையும்போல அவளும் போனில், உள்ளங்கை அகலத்தில்தான் அதைப் பார்த்திருந்தாள்.

பாதி ஓடியதும் நிறுத்தினாள். பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டாள். பன்ஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இந்த வீடியோ பொய் சொல்லுது."

சீனப்பா சலிப்போடு சிரித்தார். "என் வீட்டுக்காரியும் இதைத்தான் சொல்றா. ஆறுதல் எல்லாம் வேண்டாம் தங்கச்சி."

"ஆறுதல் சொல்றதுக்கு நான் என்ன உங்க வீட்டுக்காரியா? இங்க வந்து பாருங்க. உங்க காலைப் பாக்காதீங்க. இதோ, ஓரத்துல செண்டைக்காரர் நிக்கறாரே, அவர் கையைப் பாருங்க. சத்தம் எப்ப வருது, குச்சி எப்ப தோல்ல படுது, அதை மட்டும் பாருங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். செண்டை 'தொம்' என்றது. அதற்குப் பிறகு குச்சி இறங்கியது. மறுபடி 'தொம்'. பிறகு குச்சி.

"அடிக்கறதுக்கு முன்னாடியே சத்தம் போடற செண்டை உங்க மேளாவுல இருக்கா?" என்றாள் வாரிஜா.

சீனப்பா திரைக்கு இன்னும் நெருங்கி வந்தார். மறுபடி ஓடவிடச் சொன்னார். மூன்றாம் தடவை பார்த்த பிறகு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் மேடைக்கு வரும் களை கொஞ்சம் வந்திருந்தது. "அப்படின்னா என் கால் சரியாத்தான் விழுந்திருக்கு?"

"அது தெரியாது" என்றாள் வாரிஜா பட்டென்று. "படம் சத்தத்துக்குப் பின்னால போகுதுன்னு குச்சி சொல்லுது, அவ்வளவுதான். உங்க கால் சரியா தப்பான்னு சொல்லணும்னா போன்ல எடுத்த அசல் வேணும். இது வெட்டி, எழுத்துப் போட்டு, கை மாறிக் கை மாறி வந்த பிரதி. இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தப்பு உள்ளேயே ஊறிப் போச்சு."

"அசல் அந்தப் பாஸ்கரன்கிட்ட இல்ல இருக்கும்? அவன் கொடுப்பானா?"

"கொடுப்பான்" என்றாள், ஏதோ பால் பாக்கெட் வாங்கிவரப் போகிறவள் போல. ஸ்கூட்டர் சாவி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

கங்கொள்ளித் துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்து தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கரன் ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் காலை மடக்கி உட்கார்ந்து, பக்கத்துப் படகுக்காரர்களோடு சத்தமாக வம்பளந்துகொண்டிருந்தார். வாரிஜா பேரைச் சொல்லி, வந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே கையைத் தூக்கிவிட்டார்.

"ஓகோ, சீனப்பா இப்ப பெண்டுகளைத் தூது அனுப்பறாரா? டெலீட் பண்ணச் சொல்லத்தானே வந்தே? பண்ண மாட்டேன் மாராய்த்தி. லட்சம் பேர் பாத்தாச்சு."

"டெலீட் பண்ணிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். அசல் இன்னும் உங்க போன்ல இருக்கா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "இருக்கு. எதுக்கு?"

"உங்க வீடியோவுல செண்டை அடிக்கறதுக்கு முன்னாடியே சத்தம் வருது. பாத்தீங்களா?"

"என்ன உளர்றே? நான் முன்வரிசைல உக்காந்து என் ரெண்டு கண்ணால பாத்தவன்."

"கண்ணால பாத்தீங்களா, போன் வழியா பாத்தீங்களா? முழு நேரமும் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தீங்களே, ஆட்டத்தை எப்ப பாத்தீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "இவன் கோயிலுக்குப் போனாலும் சாமியை ஸ்கிரீன்லதான் கும்பிடுவான்" என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர்.

"நீ சும்மா இரு மாராயா!" என்று அவரை அதட்டிய பாஸ்கரன், போனை எடுத்துத் தன் வீடியோவை ஓடவிட்டார். வாரிஜா விரலால் காட்டினாள். சிரித்தவர்களும் எழுந்து வந்து தோளுக்கு மேலே தலையை நீட்டினார்கள். 'தொம்' என்றது. குச்சி பிறகு இறங்கியது. கிழவர்தான் முதலில் "அட!" என்றார்.

பாஸ்கரன் அதே இடத்தை இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளதைச் சொல்லட்டுமா? அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. நல்லாத்தான் ஆடினார். அந்தாள் ஆட்டம் நல்லா இருக்கேன்னு எனக்கு எரிச்சல்கூட வந்துச்சு. மறுநாள் வெட்டிப் போடறப்பதான் கால் பிந்துதுன்னு பாத்தேன். பாத்ததும் சந்தோஷத்துல குதிச்சுட்டேன்" என்றார்.

"இப்ப அசலைக் கொடுங்க. பாத்துடலாம்."

"வாட்ஸாப்ல அனுப்பறேன்."

"அனுப்பினா அது கசக்கிப் பிழிஞ்சுதான் கொண்டுவந்து கொடுக்கும். கேபிள் போட்டு அப்படியே எடுக்கணும்."

"போனைக் கொடுக்க மாட்டேன். நானே வர்றேன்" என்று ஐஸ் பெட்டியிலிருந்து குதித்தார். "சரியா வந்துச்சுன்னா மறுபடி நெட்டுல என் பக்கத்துலதான் போடணும். என் பேர் வரணும்."

"வரும்."

"பெருசா."

"உங்க படகு மூக்குல எழுதியிருக்கற அளவுக்கு வேண்டாமே. பாவம், சீனப்பண்ணா கொஞ்சமாவது தெரியட்டும்."

ஸ்டுடியோவில் பாஸ்கரன் தன் போனைக் குழந்தையை டாக்டரிடம் கொடுப்பவர்போலக் கொடுத்தார். முழு ஆட்டத்தின் கோப்பு கணினிக்குள் இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் வாரிஜா அதன் விவரத்தைத் திறந்தாள். அவள் நினைத்தபடியே இருந்தது. படவேகம் என்ற இடத்தில் 'மாறக்கூடியது' என்று போட்டிருந்தது.

"என் போன்ல கோளாறா?" பாஸ்கரனுக்கு ரோஷம் வந்தது. "விலை என்ன தெரியுமா?"

"உங்க போன் சாமர்த்தியமான போன் அண்ணா. கேளுங்க. நல்ல வெளிச்சத்துல அது ஒரு செகண்டுக்கு முப்பது படம் எடுக்குது. வெளிச்சம் கொறஞ்சா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் வேணும், அதனால செகண்டுக்கு இருபதுக்குக்கூட எறங்கிடுது. அன்னிக்கு மேடைல முதல்ல பளிச்சுன்னு வெளிச்சம். போர் வந்ததும் எல்லா விளக்கையும் அணைச்சு செவப்பு மட்டும் விட்டாங்க, இல்லையா?"

"ஆமா, ஒண்ணுமே தெரியல. நான்கூடத் திட்டினேன்."

"அங்க போன் வேகத்தைக் கொறச்சுக்கிச்சு. ஆனா ஒவ்வொரு படத்தோட முதுகுலயும் இது இந்த நேரத்துல எடுத்ததுன்னு எழுதி வச்சிருக்கு. நீங்க வெட்டின ஆப் அதைப் படிக்கவே இல்ல. மொத்தம் எத்தனை படம், மொத்தம் எவ்வளவு நேரம்னு பாத்து, எல்லாத்தையும் சமமாப் பரப்பி விட்டுடுச்சு. வெளிச்சத்துல எடுத்ததெல்லாம் இழுபட்டுப் பிந்திப் போச்சு. இருட்டுல எடுத்தது வேகமா ஓடி வந்து கடைசில பிடிச்சுக்கிச்சு. சத்தம் மட்டும் அது பாட்டுக்கு ஒழுங்கா ஓடுது. அதனாலதான் ஆரம்பமும் சரி, முடிவும் சரி, நடுவுல நொண்டி."

பாஸ்கரன் தாடையைத் தடவினார். "முழுக்கப் பிந்தியிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

"எல்லாரும் கண்டுபிடிச்சிருப்பாங்க. அதான் விஷயம்."

அவள் வேலையைத் தொடங்கினாள். எதையும் வெட்டவில்லை, தன் இஷ்டத்துக்கு நகர்த்தவும் இல்லை. ஒவ்வொரு படத்தையும் அதன் முதுகிலிருக்கும் நேரத்தில் கொண்டுபோய் வைத்து, படம் குறைந்த இடங்களில் முந்தின படத்தையே இன்னொரு தடவை காட்டச் சொல்லி, தொடக்கம் முதல் கடைசி வரை செகண்டுக்கு முப்பது என்று ஒரே சீராக மறுபடி எழுதும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். சத்தத்தைத் தொடவே இல்லை. மின்விசிறி இரைய, திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அந்த நேரத்தில் சீனப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் மேளாவின் எஜமான் கருணாகர ஹெக்டேயையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாடியேறும்போதே ஹெக்டேயின் குரல் கேட்டது. உள்ளே பாஸ்கரனைக் கண்டதும் அது நின்றது.

"இந்த ஆள் இங்க என்ன பண்றான்?"

"அசல் இவரோடது எஜமானரே" என்றாள் வாரிஜா. "சண்டையைப் படம் பாத்த பிறகு போட்டுக்கலாம். கோளி பஜே இருக்கு, சூடு ஆறுறதுக்குள்ள எடுத்துக்கங்க."

ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை, பாஸ்கரனைத் தவிர.

படம் ஓடியது. பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்திருந்தாள். முதலில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கத்துச் சீனப்பா சோர ஆரம்பித்தார். வலப்பக்கத்தில் குச்சியும் சத்தமும் பாதமும் ஒரே புள்ளியில் விழுந்தன. பாகவதர் வேகத்தைக் கூட்டினார், செண்டைக்காரர் கூட்டினார், அந்தப் பாதங்கள் அவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போவதுபோல முன்னே போயின. ஹெக்டே தன்னை அறியாமல் தொடையில் தாளம் போட்டார். சீனப்பா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அவருடைய கால்விரல்கள் செருப்புக்குள் அசைந்துகொண்டிருந்தன.

பிறகு மண்டி வந்தது. முழங்காலில் மண்டியிட்டபடியே மேடையைச் சுற்றிச் சுழலும் ஆட்டம். விளக்கு அணையும் முன்பு கடைசியாக வந்த பகுதி. வலப்பக்கத்துச் சீனப்பா சுழன்றார், சுழன்றார், எழுந்தார். எழுந்து வைத்த முதல் அடி செண்டைக்குப் பின்னால் விழுந்தது.

வாரிஜா குச்சியைப் பார்த்தாள். அது சத்தத்தோடு சரியாகத்தான் இறங்கியிருந்தது.

அடுத்த அடியிலேயே அவர் தாளத்தைப் பிடித்துவிட்டார். கடைசி வரை மறுபடி விடவில்லை. படம் முடிந்ததும் ஹெக்டே தொண்டையைக் கனைத்தார்.

"பிரமாதம் அம்மா. பிரமாதம். மண்டி முடிஞ்சு எழுந்திருக்கறாரே, அந்த ஓர் இடம்… ஒரு நூல் முன்னால தள்ளிட முடியாதா? இவ்வளவையும் சரி பண்ணியிருக்கே, அது ஒரு பெரிய காரியமா உனக்கு?"

"தள்ளறது பெரிய காரியமே இல்ல" என்றாள் வாரிஜா. "ஆனா தள்ள மாட்டேன். இதுல நான் எதையும் சரி பண்ணல எஜமானரே. எடுத்த நேரத்துல எடுத்த படத்தை வச்சேன், அவ்வளவுதான். அந்த ஓர் இடத்தை நான் நகர்த்தினா மிச்சமும் நான் நகர்த்தினதுதான்னு ஆயிடும். அப்புறம் எவன் கேட்டாலும் எனக்குப் பதில் இருக்காது."

"யார் கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்றார் பாஸ்கரன், வாயில் பஜேயோடு.

ஹெக்டே அவரை நோக்கித் திரும்புவதற்குள் சீனப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் இப்படிச் சிரித்து வாரிஜா அதுவரை கேட்டதில்லை. மேடையில் ராட்சசன் சிரிப்பதுபோல வயிற்றிலிருந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விடுங்க எஜமானரே. அது என்னோடது. மத்த தப்பெல்லாமும் என்னோடதுதான்னு இத்தனை நாள் பயந்து செத்தேன். இது ஒண்ணு எனக்கு நல்லாத் தெரியும். எழுந்திருக்கறப்ப முட்டி பிடிச்சுக்கிச்சு, பிந்திட்டேன். அன்னிக்கே தெரியும். வேஷம் கலைக்கறப்ப செண்டைக்காரர்கிட்டகூடச் சொன்னேன். அந்த வீடியோ வந்த பிறகு அதையே மறந்துட்டு, முழு ஆட்டத்தையும் சந்தேகப்பட்டேன் பாருங்க." நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். "விழா வேண்டாம்."

"அழைப்பிதழ் அடிச்சாச்சு மாராயரே!" ஹெக்டே அலறினார். "மந்திரியைக் கூப்பிட்டாச்சு!"

"வரட்டுமே. பிரிவுபசாரம்னு போட்ட இடத்துல பாராட்டு விழான்னு ஒட்டிக்கங்க. அடுத்த வருஷமும் ஆடறேன். மண்டியை மட்டும் கொறச்சுக்கறேன். கேக்கறவங்ககிட்ட முட்டி வலின்னு சொல்லிடுங்க, அதுல என்ன வெக்கம்?"

அன்று சாயங்காலமே பாஸ்கரனின் பக்கத்தில் புதிய வீடியோ ஏறியது. அவர் பேர் நிஜமாகவே பெரிதாக இருந்தது. கூடவே வாரிஜா எழுதிக் கொடுத்த நாலு வரி, ஏன் பழையது தப்பு என்று. மண்டிக்குப் பிறகு விழும் அந்த ஓர் அடியையும் அவள் மறைக்காமல் எழுதியிருந்தாள். ஆனாலும் ஊர் வாய் உடனே மூடிவிடவில்லை. கம்ப்யூட்டரில் செய்த வித்தை என்றார்கள் சிலர். அந்த ஓர் அடியை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்கள் சிலர். அவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்றது பாஸ்கரன்தான். "வாடா கங்கொள்ளிக்கு. என் போன்லயே அசல் இருக்கு. நேர்ல வந்து குச்சியைப் பாரு, அப்புறம் பேசு" என்று ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பதில் எழுதினார். நிஜமாகவே சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சீனப்பாவின் ரசிகராகவும் அவர் மாறிவிடவில்லை. தன் இளம் கலைஞர்தான் ஒசத்தி என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார். ஆனால் தன் வீடியோ பொய் என்று எவனும் சொல்லக் கூடாது என்பதில் அவர் கறார்.

சீனப்பாவுக்குக் கால் திரும்பி வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. முந்தி விழுவது தானாகவே நின்றுபோயிற்று. பாகவதர் முறைப்பதை விட்டுவிட்டு, மறுபடி அவரைச் சீண்டுவதற்காகத் தாளத்தைத் திடீர் திடீரென்று வேகமாக்கத் தொடங்கினார். அதுதான் அவர்கள் இருவருக்கும் பழைய பழக்கம் என்று மேளாவில் சொன்னார்கள். பத்தநாஜெ அன்று மந்திரி சால்வை போட்டார். சீனப்பா அதை வாங்கிக்கொண்டு அப்படியே போய் வேஷம் கட்டி ஆடினார். மண்டிக்குப் பதிலாக அந்த இடத்தில் நின்றபடியே ஆடினார். கைதட்டல் குறையவில்லை.

அன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஹெக்டே வாரிஜாவைத் தேடி வந்தார். வரும் பருவத்திலிருந்து மேளாவின் ஆட்டங்களை அவளே படம் பிடித்துத் தர வேண்டுமாம்.

"போன்ல எடுத்தாலே போதும் இல்ல? இப்பதான் உனக்கு எல்லாம் தெரியுமே" என்றார், சிக்கனமாக.

"போதும். ஆனா வேகம் மாறாத மாதிரி பூட்டற வசதி இருக்கற போனா வேணும். சத்தத்துக்குத் தனி மைக், பாகவதர் பக்கத்துல. அப்புறம், விளக்கை அணைக்கறவர் என்னைக் கேக்காம அணைக்கக் கூடாது."

"விளக்கு கதைக்குத் தக்கபடிதானே அம்மா அணையும்? போர் வந்தா இருட்டு வேண்டாமா?"

"இருட்டு வேணும். கொஞ்சம் இருட்டு. முன்வரிசைல இருக்கறவங்களுக்குக் காலாவது தெரியற இருட்டு."

ஹெக்டே முனகிக்கொண்டே விளக்குக்காரரைக் கூப்பிட்டார். மேடையில் செண்டைக்காரர் தோலைத் தட்டிச் சுருதி பார்க்க ஆரம்பித்திருந்தார். வாரிஜா கூட்டத்தைக் கடந்து முன்வரிசைக்குப் போய், தன் கேமரா முக்காலியை அவர் கை நன்றாகத் தெரிகிற பக்கமாக நிறுத்தினாள்.